உப்பு விளையும் ஜில்லாவில் தைராய்டு வியாதி

கோவில்பட்டித் தாலுகாவில் சித்திரை வைகாசி வெயில் எப்படிக் காயும் என்பதைக் கரிசல் சீமையார்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. நிலம் கால் நுழையும்படி வெடித்துக் கிடக்கும். பகலில் காக்கை கூடப் பறக்க யோசிக்கும். அந்த வெயிலிலே இருபது வயதுப் பெண்ணொருத்தி குளிர்கிறது என்று சொல்லிப் போர்வையைத் தேடினால் வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? சோம்பல் என்கிறார்கள், பாசாங்கு என்கிறார்கள், காற்றுக் கறுப்பு என்று வேப்பிலை அடிக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸில் அவள் கை மந்தமானால் கூலி குறைகிறது. உடம்பு பெருத்தால், வேலை செய்யாமல் தின்பதன் பலன் என்று அயலார் பேசுகிறார்கள். தலைமயிர் உதிர்கிறது, தோல் வறளுகிறது, மாதவிலக்குத் தாறுமாறாகிறது, எதற்கெடுத்தாலும் கண்ணீர் வருகிறது. இத்தனைக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்பதும், அதனை ஒரு சிறு ரத்தப் பரிசோதனையால் அறிந்துவிடலாம் என்பதும் அவளுக்கும் தெரிவதில்லை, அவளைக் குறை கூறுவோர்க்கும் தெரிவதில்லை.

அந்தக் காரணம் தைராய்டு என்னும் சுரப்பியின் கோளாறு. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் கழுத்தின் முன்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு உறுப்பு அது. அது சுரக்கும் ரஸம் ரத்தத்திலே கலந்து உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்யவேண்டும் என்று கட்டளையிடுகிறது. ரஸம் குறைந்தால் அடுப்பில் விறகு குறைந்தது போல் உடல் மந்தமாகிறது. மிகுந்தால், நன்றாகத் தின்றும் உடல் இளைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் கெடுகிறது, சிலருக்குக் கண்கள் பிதுங்குகின்றன. இவ்விரண்டு வகையும் ஆண் பெண் இருபாலாரையும் தாக்குமாயினும், ஆண்களைவிடப் பெண்களைப் பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. படிப்பு, வேலை, கலியாணம், பிள்ளைப்பேறு ஆகியவற்றின் வாசலில் நிற்கும் வாலிப வயதிலேயே பலருக்கு அது தொடங்குகிறது.

இது எங்கோ சிலருக்கு வரும் அபூர்வ வியாதி என்று எண்ணுவோர் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். சென்னை உள்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வயது வந்தோரைப் பரிசோதித்து 2013-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியில், 100 பேரில் ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு ரஸக் குறைவு காணப்பட்டது. இந்த 11 பேரில் 3 பேருக்கு மேல் தமக்கு அக்கோளாறு இருப்பதைப் பரிசோதனைக்கு முன் அறியாதவர்கள். வைத்தியரும் சோதனைச்சாலையும் தெருவுக்குத் தெரு இருக்கும் நகரங்களிலேயே நிலைமை இதுவானால், எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் கயத்தாற்றுக்கும் இடையிலுள்ள மானாவாரிக் கிராமங்களில் எத்தனை பேர் அறியாமல் வருந்துவார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வியாதியைப் பற்றிப் பேசும்போது உப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தைராய்டு தன் ரஸத்தைச் செய்வதற்கு அயோடின் என்னும் பொருள் வேண்டும். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஒரு கடுகுக்கும் காணாத அளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலையாகத் தொங்குகிறது; தாய்க்குக் கடுமையாகக் குறைந்தால் குழந்தை அறிவு மழுங்கிப் பிறக்கிறது. ஹிமாலயச் சரிவிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கிலே டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் தோழர்களும் 1956-ம் வருஷம் தொடங்கிய சோதனை உலகப் பிரசித்தி பெற்றது. அயோடின் கலந்த உப்பு வழங்கிய பகுதிகளில் கழலை பெருமளவு குறைந்தது. முதலில் வெறும் உப்பு வழங்கிய பகுதியில் அவ்வாறு குறையவில்லை. இதையொட்டியே 1962-ல் இந்திய சர்க்கார் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

கடலோர ஜில்லாவாசிகளான நமக்கு இந்தக் கவலை ஏன், கடலுப்பிலே அயோடின் இருக்குமே என்று பலர் கேட்கிறார்கள். படித்தவர்களும் கேட்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். பாத்தியில் நீர் வற்றும்போது அந்த அயோடின் அத்தனையும் உப்பிலேயே தங்கியது என்று வைத்துக்கொண்டாலும், நாள்தோறும் 10 கிராம் உப்புத் தின்பவனுக்குக் கிடைப்பது சுமார் 17 மைக்ரோகிராம். தேவையில் ஒன்பதில் ஒரு பங்கு. உண்மையில் அவ்வளவும் தங்குவதில்லை. கடலைக் கண்ணால் பார்ப்பதனால் கழுத்துக்கு அயோடின் வந்துவிடாது. உப்பிலே அதைச் சேர்த்தாக வேண்டும்.

இங்கேதான் நாம் வெட்கப்படவேண்டிய விஷயம் இருக்கிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த ஸ்தானம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி ஜில்லாவின் உப்பளங்களில் விளைகிறது. கோவில்பட்டியிலிருந்து அவ்வுப்பளங்கள் சுமார் 60 கிலோமீட்டர் தூரம். ஆயினும் 2018-19-ம் வருஷங்களில் நாடெங்கும் வீடு வீடாக உப்பைச் சோதித்துப் பார்த்தபோது, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 76 என்றும், தமிழ்நாட்டில் 62-க்கும் சற்றுக் குறைவு என்றும் தெரிந்தது. எல்லா மாகாணங்களிலும் கடைசி ஸ்தானம் நம்முடையது. நாட்டுக்கு உப்பிடும் சீமை தன் பிள்ளைகளின் சோற்றுக்கு நல்ல உப்பு இடவில்லை! கல்லுப்பின்மேல் நமக்குள்ள பிரியம் இதற்கு ஒரு காரணம். கல்லின்மேல் தெளித்த அயோடின் ஒரே சீராகப் படிவதில்லை. உப்பைக் கழுவினால் போய்விடுகிறது. ஈரம் பட்ட திறந்த சட்டியில் வைத்தால் நாளடைவில் குறைந்துவிடுகிறது.

அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்ற விதியின் கதையும் வளைந்து நெளிந்ததுதான். உண்ணும் உப்புக்குத் தேசம் முழுவதும் வந்த தடையை 2000-ம் வருஷத்தில் நீக்கினார்கள். 2006 மே மாதத்தில் மீண்டும் விதித்தார்கள். அவ்விதி பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் வரம்பை மீறியது என்று 2011 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே வருஷத்தில் அமுலுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை மறுபடி இடம் பெற்றது. உப்பு விஷயத்தில் சர்க்கார் கட்டாயம் செய்யலாமா, உப்பு வரியை எதிர்த்து 1930-ம் வருஷம் தண்டியிலும் வேதாரண்யத்திலும் சிறை சென்றவர்களின் தேசத்தில் இது தகுமா என்று சில தேசபக்தர்கள் கேட்டார்கள். பெரிய கம்பெனிகளின் பொட்டல உப்புக்கு வழி திறந்து சிறு உப்பளக்காரனைத் துரத்தும் சூழ்ச்சி என்றும் சிலர் வாதித்தார்கள்.

இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. சிறு உப்பளக்காரனும், கொதிக்கும் பாத்தியிலே நின்று உப்பு வாரும் பெண்களும் நம்மவர்கள். ஆனால் 1930-ல் நடந்த போர் எதற்காக? ஏழையின் கஞ்சிக்கு உப்புக் குறையக் கூடாது என்பதற்காக. அந்த உப்பில் ஏழைக் குழந்தையின் அறிவுக்கு வேண்டிய அணுவளவு பொருளும் இருக்கவேண்டும் என்பது அப்போருக்கு விரோதமாகுமா? ஏழையின் உரிமை உப்போடு நின்றுவிடக் கூடாது என்பதே எமது கட்சி. சிறு உப்பளக்காரன் பிழைக்கவேண்டுமானால் விதியைத் தளர்த்துவது வழியல்ல. கூட்டுறவு முறையில் அயோடின் கலக்கும் இயந்திரத்தையும், அயோடேட்டையும், சோதிக்கும் வசதியையும் உப்பளத்துக்கே கொண்டு செல்வதுதான் வழி. 1974-ல் ஏற்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் ராமநாதபுரம் ஜில்லா வாலிநோக்கத்தில் உப்பு விளைவித்து அயோடின் கலந்து குறைந்த விலைக்கு விற்று வந்திருக்கிறது. பொது ஸ்தாபனத்தால் முடிந்தது கூட்டுறவுச் சங்கத்தால் முடியாதா?

உப்பைக் கூட்டித் தின்னவேண்டும் என்று எவரும் இதிலிருந்து பொருள் கொள்ள வேண்டாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ரத்தக் கொதிப்புள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது. குறைவாக உண்ணும் உப்பு நல்ல உப்பாக இருக்கட்டும் என்பதே நாம் சொல்லுவது. அதுபோலவே, கம்பு தின்றால் கழலை வரும் என்ற பேச்சும் உலவுகிறது. ஸூடான் தேசத்து டார்பூர்ப் பகுதியில் கம்பையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த, அயோடினும் பற்றாத ஜனங்களிடம் நடந்த ஆராய்ச்சியில் கம்பிலுள்ள சில பொருள்கள் தைராய்டின் வேலையைத் தடுப்பது தெரிந்தது உண்மை. ஆனால் உப்பில் அயோடின் சரியாக இருந்து, பருப்பும் கீரையும் சேர்த்து உண்பவர்கள் கரிசல் காட்டுக் கம்பங்கூழுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

உப்பைச் சரிசெய்துவிட்டால் தைராய்டு வியாதியே ஒழிந்துவிடுமா? ஒழியாது. இதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இன்று நம் வாலிபர்களிடம் காணப்படும் தைராய்டுக் கோளாறுகளில் பெரும்பகுதி அயோடின் குறைவால் வருவதல்ல. உடலைக் காக்கவேண்டிய ரத்தத்தின் காவற்படையே வழி தவறித் தன் சொந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. ஜப்பானிய வைத்தியர் ஹாஷிமோட்டோ 1912-ம் வருஷத்தில் விவரித்த வியாதி இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு உப்பு மருந்தல்ல. அயோடின் அளவுக்கு மிஞ்சினால் சிலருக்கு இது கூடவும் கூடும். அதனால்தான் உப்பில் சேர்க்கும் அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது. நல்ல உப்பு ஒரு வாசலை அடைக்கிறது. மற்ற வாசலில் காவலிருப்பது பரிசோதனை.

பரிசோதனை என்றவுடன் ஊரிலுள்ள வாலிபர் அனைவரையும் வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. யாதொரு குறியுமில்லாத எல்லோரையும் சோதிப்பதால் நன்மை உண்டென்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க நிபுணர் குழு 2015-ல் கூறியிருக்கிறது. இதை மறைத்து, 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் பத்துப் பதினைந்து சோதனைகளை ஒன்றாகக் கட்டிப் பயமுறுத்தி விற்கும் வியாபாரத்தை நாம் கண்டிக்கிறோம். ஒரே ஒரு தாளில் ஒரு எண் சற்று ஏறியிருப்பதைக் காட்டி ஆயுள் முழுவதும் மாத்திரை எழுதுவதும் முறையல்ல. லேசான ஏற்றம் பலருக்குத் தானே இறங்கிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதித்து, நோயாளியின் குறிகளையும் பார்த்துத் தீர்மானிப்பதே வைத்திய தர்மம்.

ஆனால் எவர்களைச் சோதிக்கவேண்டுமோ அவர்களைச் சோதிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். மேலே சொன்ன குறிகளில் இரண்டு மூன்று சேர்ந்து பல வாரங்கள் நீடிப்பவர்கள்; கண்ணாடியின்முன் தண்ணீர் விழுங்கும்போது கழுத்தில் வீக்கமோ கட்டியோ தெரிபவர்கள்; தாய்க்கோ சகோதரிக்கோ தைராய்டு உள்ளவர்கள்; இளவயதிலேயே இன்ஸுலின் போடும் சர்க்கரை வியாதியுள்ளவர்கள்; மாதவிலக்கு ஒழுங்கு தவறியவர்கள்; கலியாணமாகி வருஷங்கள் கடந்தும் கர்ப்பம் தரிக்காதவர்கள்; கர்ப்பம் கலைந்தவர்கள்; பிரசவமான ஒரு வருஷத்துக்குள் காரணமின்றிச் சோர்ந்தோ படபடத்தோ போகிறவர்கள்: இவர்கள் டி.எஸ்.எச். என்னும் ரத்தப் பரிசோதனையைத் தயங்காமல் செய்துகொள்ளவேண்டும். தைராய்டு தளர்ந்தால் அதனை முடுக்குவதற்கு மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ரஸத்தை அதிகம் அனுப்புகிறது. எனவே இது ஏறியிருந்தால் தைராய்டு தளர்ந்திருக்கிறது என்றும், மிகவும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு மிஞ்சி ஓடுகிறது என்றும் வைத்தியர் அறிவார்.

எல்லாரிலும் முதலாகக் கவனிக்கவேண்டியவள் கர்ப்பிணி. கருவிலுள்ள குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களில் சொந்த தைராய்டு வேலை செய்வதில்லை. அதன் மூளை வளர்வது தாயின் ரஸத்தைக் கொண்டே. ஆகையால் நாலாம் மாதம் ஐந்தாம் மாதம் வரை காத்திருந்து முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குப் போவது காலங்கடந்த செயல். அபாயக் குறியுள்ள கர்ப்பிணிகளைச் சோதிப்பதற்கு இந்திய சுகாதார இலாகா 2014-ம் வருஷத்திலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. பிறந்த குழந்தையையும் மறக்கக் கூடாது. இந்தியாவில் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்ததில் சுமார் 1,130 பேருக்கு ஒருவர் வீதம் தைராய்டுக் குறைவோடு பிறந்தது தெரிந்தது. குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போகும். விட்டுவிட்டால், மந்தபுத்தி என்ற பெயரோடு ஆயுளைக் கழிக்கும். ஒரு துளி ரத்தத்தில் ஒரு ஜீவனின் அறிவு தொங்குகிறது.

சிகிச்சையோ எளிது. ரஸம் குறைந்தவருக்கு அதையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலை அதிகமில்லாத மருந்து அது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ பலகாரமோ கொள்ளவேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடவேண்டும். சேர்த்துத் தின்றால் தைராய்டு மருந்து உடலில் சேராது. கர்ப்பமானதும் மருந்தை நிறுத்தவே கூடாது. பலருக்கு அளவைக் கூட்ட நேரிடும். ரஸம் மிகுந்தவருக்கு வேறு மாத்திரையும், வேண்டுமானால் வேறு சிகிச்சைகளும் உண்டு.

எளிய மருந்து இருந்தும் பெண்கள் அதை நிறுத்திவிடுவதற்கு ஒரு காரணம் நமது வீடுகளிலேயே இருக்கிறது. பெண்ணுக்குத் தைராய்டு என்றால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். புக்ககம் போன பெண் மாத்திரைச் சீட்டை ஒளிக்கிறாள், பிறகு நிறுத்துகிறாள். கர்ப்பம் தரிக்கவில்லை என்றோ கலைந்தது என்றோ பழி அவள் தலையில் விழுகிறது. கோயில் கோயிலாக நேர்ந்துகொள்கிறார்கள். மலடி என்ற கொடுஞ்சொல்லை வீசுகிறார்கள். மறுகலியாணப் பேச்சும் எழுகிறது. மாத்திரை ஒன்றால் சீர்ப்படக்கூடிய குறைக்காக ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைப்பதை விட அநாகரிகம் வேறுண்டோ? மேடையில் பெண் விடுதலை பேசும் ஊழியர்களைக் கேட்கிறோம்: உங்கள் மருமகள் காலையில் மாத்திரை விழுங்கினால், ஏன் என்று விசாரிப்பீர்களா, வேளை தவறாமல் சாப்பிட்டாயா என்று விசாரிப்பீர்களா?

சர்க்காருக்கு நமது யோசனைகள் நான்கு. முதலாவது, கோவில்பட்டி அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சுற்றுப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் டி.எஸ்.எச். பரிசோதனை எங்கே, எந்த நாளில் செய்யப்படும் என்பதை வாசலில் பலகையில் எழுதிவைக்கட்டும். செய்யும் வசதி இல்லாத நிலையத்திலிருந்து ரத்தம் ஜில்லாச் சோதனைச்சாலைக்குப் போய் முடிவு ஒரு வாரத்துக்குள் திரும்பி வரட்டும். இரண்டாவது, கர்ப்பம் பதிவாகும் நாளிலேயே அபாயக் குறியுள்ளவர்களைச் சோதிக்கவும், பிறந்த சிசுவின் குதிகாலில் ரத்தம் எடுக்கவும் ஏற்பாடு வேண்டும். மூன்றாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுத்த வழியைத் தைராய்டுக்கும் திறக்கட்டும். நான்காவது, சந்தையில் விற்கும் உப்பை உணவு அதிகாரிகள் மாதந்தோறும் சோதித்து, கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம் அயோடினுக்குக் குறைந்ததை யார் விற்றாலும் தயவு தாட்சண்யமின்றி நிறுத்தட்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டுமா? தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளும் பஞ்சாலை நிர்வாகிகளும் வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு வைத்தியரை அழைத்து, குறிகளை விசாரிக்கச் செய்து, வேண்டியவர்களுக்கு மட்டும் சோதனைச் செலவை ஏற்கலாம். சோதனைக்குப் போன நாளின் கூலியைப் பிடிக்காமலும் இருக்கலாம். காலேஜ் ஆசிரியர்கள் திடீரென்று மந்தமாகிவிட்ட மாணவனையோ மாணவியையோ கடிந்துகொள்வதற்கு முன் வைத்தியரிடம் அனுப்பலாம். தொண்டர்கள் கிராமக் கூட்டங்களில் உப்புப் பொட்டலத்தின்மேல் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டலாம். உப்பை மூடிய ஜாடியில் அடுப்புக்கு எட்ட வைக்கவும், சமையலின் கடைசியில் போடவும் சொல்லலாம். இதற்கெல்லாம் நிதி வேண்டாம், தலைவர் வேண்டாம், வாயும் மனமும் போதும்.

கரிசல் மண்ணின் குணத்தை ஆராய்வதற்காகக் கோவில்பட்டியில் 1901-ம் வருஷத்திலேயே விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. மண்ணுக்கு என்ன குறை, விதைக்கு என்ன குறை என்று நூறு வருஷங்களுக்கு மேலாகச் சோதித்து வருகிறோம். பருத்திச் செடி வாடினால் அதைச் சோம்பேறி என்று எந்த சம்சாரியும் திட்டுவதில்லை. வேரைப் பார்க்கிறான், மண்ணைப் பார்க்கிறான், பூச்சியைப் பார்க்கிறான். வாடி நிற்கும் மகளுக்கும் மகனுக்கும் அந்த நியாயத்தையாவது செய்வோம். இன்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டு உப்புச் சட்டியை ஒரு முறையும், தம் வீட்டு இளையோரின் முகத்தை ஒரு முறையும் உற்றுப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.